கம்பெனிக்காரி கறந்த பால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மூன்றாவது கேன் நிறையவில்லை. லாரி டிரைவர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். மீதியை நான்தான் குடித்துவிட்டேன் என்பது போல.

"அண்ணே, சொன்னா கோவிச்சுக்காதீங்க. மூணு கேன் ரொம்பலைன்னா இனிமே மேல வண்டி ஏத்த வேணாம், டீசலுக்கே கட்டலைன்னு பால் பண்ணையில பேச்சு நடக்குது."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. லாரி போன பிறகு அளவைக் குவளைகளைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன், அவ்வளவுதான்.

லாரி மேலே வராவிட்டால் என்ன ஆகும்? அடிவாரத்துப் பெரிய சாலை வரைக்கும் தினமும் பாலைச் சுமந்துகொண்டு போக இந்த ஊரில் யாருக்கும் இடுப்பு கிடையாது. மாட்டை விற்பார்கள். மாடு போனால் பால் சொசைட்டி போகும். சொசைட்டி போனால் அதன் செயலாளர், பால் பரிசோதகர், கேன் கழுவுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாருக்கும் வேலை போகும். எல்லாரும் நான்தான்.

மகள் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்: மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று. மனைவியின் மனசு பாதி போயாகிவிட்டது. நான் ஒரு முறை போய் இருந்து பார்த்தேன். மகள் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஊற்றினாள். அந்தப் பாக்கெட்டுக்குப் பயந்து மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். மகளிடம் சொன்னால் சிரிப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

பட்ட காலிலே படும். மேட்டு வீட்டு அக்காவும் கிளம்புகிறார்.

தெருவில் கடைசி வரை இருப்பார் என்று நான் நம்பிய ஆள். முழங்கால் வலியோடு தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று மகன் கேட்டானாம். மகன் வீட்டுக்கே போகிறார். அவருடைய செவலை மாடும் அதன் மகளும் போனால் மூன்றாவது கேனில் பாதி போன மாதிரி. தரகர் அடுத்த வாரம் வருகிறார்.

சாயங்காலம் தெருவில் நடந்து பார்த்தேன். பூட்டு, பூட்டு, பூட்டு. நடுநடுவே புதிதாகத் துணி காய்கிற வீடுகள். அதெல்லாம் அடிவாரத்தில் வந்திருக்கும் கல் உடைக்கும் ஆலைக்காரர்கள். டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே ஏறி வந்துவிட்டார்கள். ஊரில் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்: வந்தவங்க. யார் எந்தக் குடும்பம், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறந்தவர்கள் எல்லாம் போனவர்கள் ஆகிவிட்டார்கள். நடுவில் நாங்கள் கொஞ்சம் பேர், லாரிக்காகக் காத்துக்கொண்டு.

மார்ச் 12, புதன்

அக்காவோடு அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொசைட்டிக்கு வந்தாள். ஆலையில் இயந்திரம் பார்க்கும் மெக்கானிக்கின் மனைவி. முன்பு டவுனில் சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தவள். எதற்கெடுத்தாலும் "எங்க கம்பெனியில…" என்று ஆரம்பிப்பதால் ஊரே அவளைக் கம்பெனிக்காரி என்கிறது. அவளுக்கும் அது தெரியும். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

மாட்டை விற்க வேண்டாமாம். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, அவளே வைத்துக்கொள்வாளாம். தீவனமும் கறவையும் அவள் பொறுப்பு, பால் பணம் இருவருக்கும் பாதிப் பாதி.

மாடு கறந்திருக்கிறாயா அம்மா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. மாட்டைப் பார்த்தாலே பயம்தான். ஆனா மெஷினைப் பார்த்தும் மொத நாள் பயந்தேன். ஊசி விரல்ல ஏறுச்சு. அப்புறம் பழகலையா?"

மாடும் தையல் மெஷினும் ஒன்றாம். சிரிப்பை அடக்க, பாலில் தண்ணீர் பார்க்கும் லாக்டோமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தேன். அக்கா சிரிக்கவில்லை. "தரகன் கையில குடுத்தா அது எங்க போய்ச் சேரும்னு உனக்குத் தெரியும் தம்பி. இவ பயந்துக்கிட்டாவது பார்த்துக்குவா" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன், சீக்கிரமே மாடு தரகர் வாசலில்தான் நிற்கும் என்று. "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் மனைவி.

மார்ச் 17, திங்கள்

அக்கா நேற்றுப் போய்விட்டார். காரில் ஏறுமுன் தொழுவத்துக்கு ஒரு முறை போனார். பிறகு, குடையை மறந்துவிட்டேன் என்று மறுபடியும் ஒரு முறை. குடை அவர் கையில்தான் இருந்தது.

இன்று காலை கம்பெனிக்காரி தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். அடியில் ஏதோ பால் மாதிரி இருந்தது. அதுவும் செவலையின் மகள் இரக்கப்பட்டுக் கொடுத்தது. செவலை பாலை அடக்கிக்கொண்டுவிட்டது. மடி கனத்துத் தொங்குகிறதாம், ஒரு சொட்டு இறங்கவில்லையாம். கன்றை ஊட்டவிட்டுப் பால் இறக்கலாம் என்றால், கன்றை அக்கா முன்பே கொடுத்துவிட்டார்.

அவள் முழங்கையில் சாணம். கன்னத்தில் மாட்டு வால் அடித்த சிவப்புக் கோடு. "நாளைக்குக் குடுக்கும்ணே" என்றாள். இப்படியே விட்டால் மடி வற்றிவிடும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மனசுக்குள் ஒரு ஓரத்தில், நான் சொன்னபடியே நடக்கிறது என்று திருப்திகூட வந்தது. என் லாரியே நிற்கப்போகிறது, இதில் எனக்கென்ன திருப்தி வேண்டிக் கிடக்கிறது?

மார்ச் 19, புதன்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

காலையில் மேட்டு வீட்டுத் தொழுவத்தில் அக்காவின் குரல் கேட்டது. ஊருக்குப் போனவர் எப்போது வந்தார் என்று ஓடினேன். தீவனத் தொட்டியின் விளிம்பில் ஒரு போன். ஸ்பீக்கரில் அக்கா: "என் ராசாத்தி, என் கண்ணு, காலை நகத்து… ம்ம், அப்படித்தான்…" செவலை இரண்டு காதையும் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது. கீழே கம்பெனிக்காரி குந்தியிருந்து கறக்கிறாள். பாத்திரத்தில் சர் சர்ரென்று பால் விழுகிற சத்தம் போனில் அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சல் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு மறுபடியும் கொஞ்சல்.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். போன் போட்டுக் கறக்கிற மாட்டை இன்றுதான் பார்த்தேன்.

உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்க கம்பெனியில புது சூப்பர்வைசர் வந்தா நாங்களும் இப்படித்தான்ணே, கையைக் கட்டிப்போட்ட மாதிரி வேலை செய்வோம். பழைய சூப்பர்வைசர் வந்து, இவங்க சொல்றதையும் கேளுங்கடின்னு சொன்னாதான் மெஷின் ஓடும்" என்றாள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நல்ல மூளை.

மார்ச் 28, வெள்ளி

விடியற்காலையில் அக்கா பால்கனியில் நின்று கொஞ்சுவது மகன் வீட்டில் எல்லாருடைய தூக்கத்தையும் கெடுக்கிறதாம். அதனால் கம்பெனிக்காரி அக்காவின் குரலைப் போனில் பதிவு செய்துகொண்டாள். பதிவு செய்யும்போது பேரன் வெளியே விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். கொஞ்சலின் நடுவே, "டேய், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்று ஒரு அதட்டல். அதுவும் பதிவாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், செவலை கொஞ்சலுக்கெல்லாம் சும்மா நிற்கிறது. அந்த அதட்டல் வந்ததும்தான் பாலை இறக்குகிறது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அக்காவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கறக்கிற நேரத்தில்தான் வயலிலிருந்து வருவார், சேற்றுச் செருப்போடு தொழுவத்துக்குள் வந்து நிற்பார், அக்கா தினமும் இதே அதட்டலைத்தான் போடுவார், 'டேய்' மட்டும் இருக்காது என்றாள். ஆமாம், எனக்கும் நினைவு வந்தது. அவர் போய் இத்தனை வருஷம் கழித்தும் அக்கா அதை மாட்டிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போல. மனைவி எழுந்து போய், வாசலில் கிடந்த என் செருப்பை நேராக வைத்தாள்.

இப்போது போனும் வேண்டாம். கம்பெனிக்காரி தானே சொல்கிறாள். அக்காவின் அதே இழுப்பு, அதே கோபம். தெருவில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று தங்கள் காலைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது கேன் நிறைந்தது. லாரி டிரைவர் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். அது போதும் எனக்கு.

மே 6, செவ்வாய்

இந்தப் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளிடம் போனார்கள். மாடுகளைத் தரகரிடம் கொடுக்கவில்லை, அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தியால் எத்தனை மாட்டைக் கறக்க முடியும்? ஆலைக்காரர்களின் மனைவிமாரைக் கூட்டினாள். ஏ ஷிஃப்ட் கறவை, பி ஷிஃப்ட் தீவனம், சி ஷிஃப்ட் சாணி. சி ஷிஃப்டுக்கு யாரும் முன்வராததால் அதை முறைவைத்து மாற்றிவிடுகிறாள். தன்னையும் விட்டுவைக்கவில்லை. ஒருத்தி முதல் நாள் மாட்டின் தவறான பக்கம் உட்கார்ந்து, உதை வாங்கி, வாய்க்காலில் போய் விழுந்தாள். மறுநாளும் வந்தாள். சரியான பக்கம் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகப் பூட்டிக் கிடந்த தொழுவங்களில் விடியற்காலையில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. இப்போதெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் எழுந்து பல் துலக்குகிறேன்.

இத்தனை பால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் எனக்குச் சந்தேகம். தண்ணீர் இருக்குமோ? லாக்டோமீட்டரை ஒன்றுக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

"நல்லா செக் பண்ணுங்கண்ணே. எங்க கம்பெனியில ஒரு தையல் பிசகினாலும் திருப்பித்தான் அனுப்புவாங்க. அதுல கோவம் கிடையாது" என்றாள். பிறகு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பத்து வருஷம் காலர் மட்டும்தான்ணே தைச்சேன். கைய வேற ஒருத்தி தைப்பா, பட்டன் வேற ஒருத்தி. முழுச் சட்டையை நான் கையில எடுத்துப் பார்த்ததே இல்ல. இங்க பாருங்க, வைக்கோல் போடுறதுலேருந்து உங்க கேன்ல ஊத்துற வரைக்கும் எல்லாம் நான்தான்."

பால் சுத்தமான பால். நான் சந்தேகப்பட்டதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் பாத்திரத்தை முதலில் அளந்து அனுப்புகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

நல்லது நடந்தால் கண் பட ஒரு ஆள் வேண்டாமா? எங்கள் சொசைட்டித் தலைவர். எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

சொசைட்டி விதிப்படி உறுப்பினர் 'இந்த ஊரைச் சேர்ந்தவராக' இருக்க வேண்டும். மேட்டு வீட்டு அக்கா ஊரை விட்டுப் போய்விட்டார், அதனால் அவர் பெயரில் பால் வாங்கக் கூடாது. கம்பெனிக்காரி வந்தவள், அவள் பெயரிலும் கூடாது. இதுதான் அண்ணனின் வாதம். அப்படியென்றால் யார் பெயரில் வாங்குவது, மாட்டின் பெயரிலா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆள் எழுந்துவிட்டார்.

"உனக்கு லாரி வந்தா போதும். ஊரு யாரு கையில போகுதுன்னு கவலை இல்ல. என் ரெண்டு பசங்களும் வெளியூர்ல. நாளைக்கு அவனுங்க திரும்பி வந்தா, நீங்க யாருன்னு இவங்க கேப்பாங்க."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அவர் சொன்னபடி செய்தால் மூன்றாவது கேன் மட்டும் இல்லை, இரண்டாவதும் சேர்ந்து போகும். லாரி அன்றைக்கே நின்றுவிடும். இதை அவரிடம் சொன்னேன். பண்ணை அதிகாரியிடமே கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்துவிட்டார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இவருடைய மகன்கள் போன ஊரில் அவர்களை யாராவது இப்படிக் கேட்டால் இவர் சும்மா இருப்பாரா?

ஜூலை 8, செவ்வாய்

பண்ணை அதிகாரி வந்தார். பளபளவென்று ஷூ. மாடுகளையும் கறக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்றார். தலைவர் முன்னால், அதிகாரி நடுவில், நான் பின்னால். மேட்டு வீட்டுத் தொழுவத்து வாசலுக்கு வந்தோம். கம்பெனிக்காரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செவலையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது. அதிகாரி ஒரு காலை உள்ளே வைத்தார்.

"டேய், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

அதிகாரி வைத்த காலை எடுத்துவிட்டார். குனிந்தார். ஒற்றைக் காலில் நின்று ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், பிறகு மற்றதை. அவருடைய அம்மா நினைவுக்கு வந்தாரோ என்னவோ. இரண்டையும் சுவரோரமாக ஒழுங்காக வைத்துவிட்டு, சாக்ஸோடு சாணியில் காலை வைத்து உள்ளே போனார். அப்புறம்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ சார், உங்களைச் சொல்லல. மாட்டைச் சொன்னேன்."

அதிகாரி செவலையின் நான்கு காலையும் பார்த்தார். "மாடு எங்கம்மா செருப்பு போட்டிருக்கு?"

என்னால் முடியவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் தலைவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். பல வருஷமாயிற்று, நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து. பள்ளிக்கூடத்து பெஞ்சு ஞாபகம்தான் வந்தது.

கதையைக் கேட்டு அதிகாரியும் சிரித்தார். தொழுவம் சுத்தம், பால் தரம் என்று சொன்னார். ஆனால் யார் உறுப்பினர் என்பது பண்ணையின் வேலை இல்லையாம். கூட்டம் போட்டு ஊரே முடிவு செய்ய வேண்டுமாம். "எனக்கு மூணு கேன் வேணும். குறைஞ்சா வண்டி வராது" என்று சொல்லிவிட்டு, ஈர சாக்ஸைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

ஜூலை 13, ஞாயிறு

சொசைட்டி அறையில் ஆண்கள் பெஞ்சில், பெண்கள் வாசலில். கம்பெனிக்காரி வெளியே மரத்தடியில் தனியாக நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, என்னைப் பற்றிப் பேசும்போது நான் இருந்தால் உங்களுக்குச் சங்கடம் என்றாள்.

தலைவர் விதியை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்: "உறுப்பினர் இந்த ஊரைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும்." தலைவர் கையை விரித்தார். ஊரைச் சேர்ந்தவர் என்றால் ஊரில் பிறந்து வளர்ந்தவர், இதில் பேச என்ன இருக்கிறது என்றார். சிலர் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தால், லாரிக்காகப் பேசுகிறேன் என்பார்கள். உண்மையும் அதுதானே?

அப்போது வாசலிலிருந்து என் மனைவியின் குரல். கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"சேர்ந்தவர்னுதானே போட்டிருக்கு? பொறந்தவர்னு போடலையே. நானும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவதான். இங்க நிக்கிற பொம்பளைங்க எல்லாரும் எங்கெங்கேருந்தோ வந்து சேர்ந்தவங்கதான். முப்பது வருஷம் ஆகியும், கோவம் வந்தா உங்க தம்பி என்னை 'உங்க ஊர் புத்தி'ன்னுதான் சொல்றாரு. சரி, வந்தவங்க யாரும் கறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுங்க. நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் போய்க் கறந்துட்டு வாங்க."

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வாசலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அதானே."

கூட்டம் முடிந்தது. தலைவரே எழுந்து மரத்தடிக்குப் போய் அவளை உள்ளே கூட்டி வந்தார். தோற்ற ஆள் செய்கிற காரியம் இல்லை அது. அண்ணன் அண்ணன்தான்.

ஜூலை 14, திங்கள்

மனைவி காலையிலிருந்து என்னை "உள்ளூர்க்காரரே" என்றுதான் கூப்பிடுகிறாள். காபியும் அந்தப் பெயரில்தான் வருகிறது. வாங்கிக் குடித்துக்கொள்கிறேன்.

அவள் பேசியதைப் பற்றி அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும். இன்னும் வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மழை. பாதை பாதியில் சரிந்துவிட்டது. லாரி கீழ் வளைவிலேயே நின்றுவிட்டது. பால் முழுவதும் கெட்டுப்போகும் என்று தலையில் கை வைத்தேன்.

கம்பெனிக்காரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்களை நிற்க வைத்தாள். வரிசையாக, சரிவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. கேனில் வேண்டாம், கனக்கும், சிறிய பாத்திரங்களில் ஊற்றிக் கைமாற்றிக் கொடுங்கள் என்றாள். அவள் கம்பெனியில் துணி இப்படித்தான் போகுமாம், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு. ஆலைக்காரிகள், எங்கள் வீட்டுப் பெண்கள், தலைவர், நான், எல்லாரும் சேற்றில் நின்றோம். யார் பக்கத்தில் யார் என்று யாரும் பார்க்கவில்லை. லாரி டிரைவர் கீழே கேனில் ஊற்றி வாங்கிக்கொண்டார்.

மேலே ஏறி வரும்போது தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கெட்டிக்காரப் பொண்ணுடா" என்றார். நான் எப்போதோ சொன்னதை அவர் இப்போது கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். சரி, சொல்லட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கம்பெனிக்காரியின் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

வேறு மாநிலத்தில் புதிதாக ஆலை போடுகிறார்களாம். அவருக்குத் தலைமை மெக்கானிக் வேலை, கூடுதல் சம்பளம். அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். நல்ல மனுஷர். என்னிடம் வந்து சொல்லும்போது ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி நின்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். கைகூடக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். போகிறவர்கள் போகட்டும் என்று இருக்க முடியவில்லையே. எத்தனை பேரைப் பார்த்தாயிற்று, இந்த ஒரு குடும்பத்தை மட்டும் ஏன் விட மனசு வரவில்லை? மற்ற ஆலைக்காரர்கள் இருப்பார்கள்தான். ஆனால் அவள் போனால் ஏ ஷிஃப்டாவது பி ஷிஃப்டாவது. யார் இழுத்துக் கட்டுவது? முதலில் பால் குறையும். அப்புறம் லாரி. அப்புறம் நாங்கள்.

லாரிக்காக மட்டும் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அவள் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று யோசித்தால் நன்றாக இல்லை.

அக்டோபர் 22, புதன்

இருந்துவிடு அம்மா என்று அவளிடம் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள். "புருஷனோட போகாதேன்னு சொல்ல நாம யாரு? நாளைக்கு அவ கஷ்டப்பட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

நியாயம்தான். ஆனாலும் தொழுவத்துக்குப் போனேன். போய், தவிட்டு மூட்டை வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றாள். கண் சிவந்திருந்தது. புகையா, அழுகையா என்று கேட்கவில்லை. தவிட்டைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

மகள் கூப்பிட்டாள். வழக்கமான கேள்வி. "பார்ப்போம்மா" என்றேன். இதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் சந்தோஷப்பட்டாள். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று அவர்கள் கிளம்பும் நாள்.

பஸ் இல்லாத நாள். அதனால் பால் லாரியிலேயே பெரிய சாலை வரை இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வழக்கமான டிரைவர் லீவில் இருக்கிறார். புது ஆள் ஒருவர் வந்திருந்தார், பாதையைத் திட்டிக்கொண்டே. நான் கேன்களைத் தயாராக வைத்துவிட்டு, மேட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

வந்தார்கள். முன்னால் அவள் வீட்டுக்காரர், கையில் ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும். பின்னால் அவள். நான் அவர்களுக்குப் பின்னால் பார்த்தேன். பாத்திரம் பண்டம், மெத்தை, மேசை, யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. அவள் கையில் பால் பாத்திரம் இருந்தது. எப்போதும் போல மேடையில் வைத்தாள்.

"என்னண்ணே பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க. அளந்து ஊத்துங்க."

அளந்தேன். இரண்டு முறை அளந்தேன். அவள் குவளையையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னாள். "அவரு மட்டும்தான் போறாரு. லீவு கிடைக்கிறப்பல்லாம் வருவாரு. ரெண்டு வாரமா எங்களுக்குள்ள ஒரே சண்டை. இதுவரைக்கும் அவரு போன இடத்துக்கெல்லாம் நான் மூட்டை கட்டினேன்ணே, இந்தத் தடவை கட்ட மனசு வரல. கடைசியில அவருதான் சொன்னாரு, நீ இங்கயே இரு, எனக்கும் திரும்பி வர ஒரு இடம் வேணும்லன்னு."

கேன்களை ஏற்றினேன். அவள் போய் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி, பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

புது டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பேச்சுக்கு ஒரு பேச்சாகக் கேட்டார். "அண்ணனுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றார் அவர். "வேலைக்கு வெளியூர் போறேன்."

லாரி வளைவில் இறங்கி மறையும் வரை நின்றேன். ஊரை விட்டுப் போகிற ஒருவரைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை.